பிறைக்கரைக்கு வந்த பெயர்: வெல்லெஸ்லி



பினாங்குத் தீவுக்கு எதிரே, வடக்கில் மூடா ஆற்றிலிருந்து தெற்கில் கிரியான் ஆற்றுப் பக்கம் வரை நீண்டு கிடக்கும் பெருநிலப் பகுதியை இன்று நாம் செபராங் பிறை என்று அழைக்கிறோம். 'செபராங்' என்ற மலாய்ச் சொல்லுக்கு எதிர்க்கரை என்பது பொருள். பிறை என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயர். அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஊருக்கும் அதுவே பெயர். தமிழர்கள் அதை எழுதும்போது வானத்துப் பிறையை நினைவூட்டும் வகையில் எழுதிவிட்டார்கள். ஒலி ஒத்துப்போனதால் கிடைத்த அழகு அது.

ஆனால் இந்த நிலம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அரசாங்க ஏடுகளில் வேறொரு பெயரைச் சுமந்து நின்றது. 'புரொவின்ஸ் வெல்லெஸ்லி' என்பது அந்தப் பெயர். கடித உறைகளில் ஊர்ப்பெயரை எழுதி, அதன் பின்னால் 'பி.டபிள்யூ.' என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதிய காலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த 'டபிள்யூ' யாருடையது? அது ஆங்கிலப் பெயரா, அயர்லாந்துப் பெயரா? பிறை ஆற்றங்கரைக்கு அது எப்படி வந்து சேர்ந்தது? இன்றைய உரையில் இந்தக் கேள்விகளுக்கு விடை காண முயல்வோம்.

முதலில் குடும்பப் பெயர் என்பது என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் தமிழ் வழக்கில் தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடுகிறது. மலேசிய அடையாள அட்டையிலும் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்றுதான் பதிவு செய்கிறார்கள். பாட்டனாரின் பெயர் மூன்றாம் தலைமுறையில் ஏட்டிலிருந்து நழுவிவிடும். மேலைநாட்டு வழக்கு இதற்கு மாறானது. அங்கே ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாகத் தந்தைவழியில் இறங்கி வருகிறது.

இங்கிலாந்தில் இத்தகைய பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் பிறந்தன. செய்யும் தொழிலால் வந்தவை ஒரு வகை. கொல்லரைக் குறிக்கும் 'ஸ்மித்' அதற்குச் சான்று. தந்தையின் பெயரால் வந்தவை இரண்டாம் வகை. உருவத்தையோ குணத்தையோ சுட்டிய பட்டப்பெயர்கள் மூன்றாம் வகை. பிறந்த ஊரால் வந்தவை நான்காம் வகை. பிறைக்கு வடக்கே உள்ள பட்டர்வொர்த் நகரம், 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரைத் தாங்கியது. அவருடைய குடும்பப் பெயரோ இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. ஓர் ஊர்ப்பெயர் மனிதர் பெயராகிக் கடல் கடந்து, மீண்டும் ஊர்ப்பெயரான விந்தை இது. அயர்லாந்து மக்களிடையே வழக்கு வேறு. அங்கே 'மாக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். அவர்களுடைய பழம்பெயர்கள் ஊரைவிட முன்னோரையே பெரிதும் சுட்டின.

வெல்லெஸ்லி என்ற பெயரும் நான்காம் வகையைச் சேர்ந்த ஊர்ப்பெயர்தான். இங்கிலாந்தின் தென்மேற்கில் சமர்செட் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே ஊற்றுகளால் பெயர் பெற்ற 'வெல்ஸ்' என்னும் சிறு நகரம் இருக்கிறது. அதன் அருகே உள்ள சிற்றூர் 'வெல்லெஸ்லீ'. அதன் இறுதியில் உள்ள 'லீ' என்பது காட்டை வெட்டித் திருத்திய வெளியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். எனவே வெல்ஸ் நகரைச் சார்ந்த காட்டுவெளி என்று இப்பெயருக்குப் பொருள் கூறலாம். நம் நாட்டில் காடு திருத்திய இடங்களுக்குக் 'காடு' என்றும் 'பட்டி' என்றும் பெயர் அமைந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தச் சிற்றூர்க் குடும்பம் அயர்லாந்துக்குப் போன காலம், ஆங்கிலேயர் அத்தீவின்மேல் முதன்முதலாகப் படையெடுத்த பன்னிரண்டாம் நூற்றாண்டையொட்டியது என்பர். இரண்டாம் ஹென்றி மன்னருக்குக் கொடி பிடித்துச் சென்றவர் தங்கள் முன்னோர் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. டப்ளின் நகருக்கு வடமேற்கே மீத் மாவட்டத்தில் டாங்கன் என்னும் இடத்தில் அவர்கள் நிலைகொண்டார்கள். நூற்றாண்டுகள் செல்லச் செல்லப் பெயர் வாயில் தேய்ந்தது. மூன்று அசைப் பெயர் இரண்டு அசையாகச் சுருங்கி 'வெஸ்லி' ஆயிற்று. திருச்சிராப்பள்ளி 'திருச்சி' ஆனதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வெஸ்லி என்று பெயர் கொண்ட எல்லாரும் இந்த ஒரே குடும்பத்தவர் அல்லர். 'மேற்கு வெளி' என்று பொருள்படும் வேறு ஊர்ப்பெயர்களிலிருந்தும் அதே பெயர் தனியே பிறந்திருக்கிறது. ஒரே பெயரைக் கண்டவுடன் ஒரே குலம் என்று முடிவு கட்டிவிடலாகாது.

இனி இக்கதையின் முக்கியமான திருப்பத்துக்கு வருவோம். டாங்கனில் வாழ்ந்த காரெட் வெஸ்லி என்பவர் பிள்ளையில்லாமல் 1728இல் இறந்தார். தம் நிலபுலன்களை உறவினரான ரிச்சர்ட் கோலி என்பவருக்கு எழுதிவைத்தார். சொத்தைப் பெறுபவர் வெஸ்லி என்ற பெயரையும் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் கோலி குடும்பமும் முன்பு இங்கிலாந்திலிருந்து வந்து அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் கார்பரி என்னும் இடத்தில் வேரூன்றியதுதான். ஆக, வரலாற்றில் புகழ்பெற்ற வெல்லெஸ்லிகள் தந்தைவழியில் வெல்லெஸ்லிகளே அல்லர், அவர்கள் கோலிகள். பெயர் சொத்தோடு சேர்ந்து வந்தது. நம்மிடையே சுவீகாரம் போகும் பிள்ளை புதிய வீட்டின் பெயரை ஏற்பதைப் போன்றது இது.

இன்னொரு செவிவழிச் செய்தியும் உண்டு. அந்தச் சொத்து முதலில் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சார்லஸ் வெஸ்லி என்ற சிறுவனுக்கு வருவதாக இருந்ததாம், அவர் மறுத்துவிட்டாராம். அந்தச் சார்லஸும் அவருடைய தமையனார் ஜான் வெஸ்லியும்தான் பின்னாளில் மெதடிஸ்ட் சமயக் கிளையைத் தோற்றுவித்தவர்கள். அந்தச் செய்தி உண்மையானால், ஒரு சிறுவனின் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் இரண்டு பெரும் வரலாறுகளைப் பிரித்துவிட்டது எனலாம்.

ரிச்சர்ட் கோலி வெஸ்லி 1746இல் மார்னிங்டன் பிரபு ஆனார். அவர் மகன் காரெட், இசைப் புலமையில் சிறந்து டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் 1764இல் முதல் இசைப் பேராசிரியராக அமர்ந்தார். அந்த இசைப் பேராசிரியரின் மூத்த மகன் ரிச்சர்ட், 1760இல் பிறந்தவர். இன்னொரு மகன் ஆர்தர், 1769இல் பிறந்தவர். இவ்விருவரும்தான் நம் கதைக்கு உரியவர்கள்.

முதலில் நம் கரைக்கு வந்தவர் தம்பி ஆர்தர். 1797ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டவர் வசமிருந்த மணிலாவைத் தாக்க ஆங்கிலேயர் ஒரு படையை இந்தியாவிலிருந்து அனுப்பினர். 33ஆம் படைப்பிரிவின் தலைவராக ஆர்தரும் அதில் இருந்தார். கப்பல்கள் பினாங்கில் நின்றன. இந்தியாவில் திப்பு சுல்தானைப் பற்றிய அச்சம் வளரவே, படை திருப்பி அழைக்கப்பட்டது. ஆனால் அந்த இடைவெளியில் ஆர்தர் பினாங்குத் தீவின் நிலை, அதன் பயன் ஆகியவை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். அப்போது அவர் இட்ட கையெழுத்து 'ஆர்தர் வெஸ்லி' என்பதே. வெல்லெஸ்லி என்ற வடிவத்தை அவர் அப்போது ஏற்றிருக்கவில்லை.

பழைய நீண்ட வடிவத்துக்குத் திரும்பியவர் அண்ணன் ரிச்சர்ட். அந்த வடிவமே தொன்மையும் பெருமையும் உடையது என்று அவர் கருதினார். 1798இல் அவர் இந்தியாவின் தலைமை ஆளுநராகக் கல்கத்தாவுக்கு வந்தார். அதே ஆண்டு மே மாதத்தில் தம்பியும் 'வெல்லெஸ்லி' என்று கையெழுத்திடத் தொடங்கினார். 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அதற்குப் பரிசாக, அவ்வாண்டின் இறுதியில் ரிச்சர்டுக்கு 'மார்குவிஸ் வெல்லெஸ்லி' என்ற பட்டம் கிடைத்தது. குடும்பப் பெயர் பட்டமாக உயர்ந்தது. ஆனால் அது அயர்லாந்து வரிசைப் பட்டம். இங்கிலாந்து வரிசைப் பட்டத்தை எதிர்பார்த்திருந்த அவர், தமக்குக் கிடைத்தது தங்கமுலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று கசந்துகொண்டார். அயர்லாந்தில் பிறந்து, அயர்லாந்து நிலத்தின் வருவாயில் வளர்ந்த ஒருவருக்கு அயர்லாந்துப் பட்டம் கசந்தது. இரண்டு நாட்டு வேர்களைக் கொண்ட அக்குடும்பத்தின் மனநிலை இதில் வெளிப்படுகிறது.

இதையொட்டி ஒரு பிழையையும் திருத்திக்கொள்வோம். 'தொழுவத்தில் பிறந்தவனெல்லாம் குதிரையாகிவிட மாட்டான்' என்ற கருத்தில் ஒரு பேச்சு உண்டு. தாம் அயர்லாந்துக்காரர் அல்லர் என்பதைக் காட்ட ஆர்தரே அப்படிச் சொன்னார் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில், அதை 1843இல் ஆர்தரைப் பற்றிச் சொன்னவர் அயர்லாந்து மக்கள் தலைவர் டேனியல் ஓ'கானல். அக்குடும்பத்தாரை அயர்லாந்து மக்களே முழுமையாகத் தம்மவர் என்று ஏற்கவில்லை என்பதற்கு அது சான்று.

இப்போது பிறைக்கு வருவோம். 1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். கெடா சுல்தான் எதிர்பார்த்த இராணுவ உதவி கிடைக்கவில்லை. எனவே தீவை மீட்க 1791இல் சுல்தான் பிறையில் படைகளைத் திரட்டினார். ஏப்ரல் மாதத்தில் லைட் முந்திக்கொண்டு பிறையைத் தாக்கினார். சுல்தானின் படை கலைந்தது. ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்ற உடன்படிக்கை அதன்பின் ஏற்பட்டது. அதாவது, வெல்லெஸ்லி என்ற பெயர் இங்கே வருவதற்கு முன்பே பிறை போர்க்களமாகி விட்டிருந்தது.

தீவுக்கு உணவு வேண்டும். துறைமுகத்தின் இருபக்கமும் கைவசம் இருக்க வேண்டும். கடற்கொள்ளையர் எதிர்க்கரையில் ஒளியக் கூடாது. இக்காரணங்களுக்காக, பினாங்கின் துணை ஆளுநர் சர் ஜார்ஜ் லீத் 1800ஆம் ஆண்டில் கெடாவுடன் புதிய உடன்படிக்கை செய்தார். எதிர்க்கரை நிலம் கும்பினியின் கைக்கு மாறியது. ஆண்டுத்தொகை 10,000 டாலராக உயர்ந்தது. தலைமை ஆளுநரின் பெயரே அந்த நிலத்துக்குச் சூட்டப்பட்டது. லீத் பெயரால் ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு இருக்கிறது. தம்பி ஆர்தர் பினாங்கு வந்தார். ஆனால் பெயர் பெற்ற அண்ணனோ தம் பெயர் தாங்கிய மண்ணை மிதித்ததேயில்லை.

நேயர்களே, தமிழராகிய நமக்கு இந்தப் பெயர் வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ரிச்சர்ட் வெல்லெஸ்லி தலைமை ஆளுநராக இருந்த 1798 முதல் 1805 வரையுள்ள ஏழு ஆண்டுகளில் தமிழகத்தின் முகமே மாறிப்போயிற்று. 1799இல் தஞ்சை அரசு கும்பினியின் பிடிக்குள் போனது. அதே ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் கருநாடகம் முழுவதும் கும்பினி ஆட்சிக்கு உட்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் நடந்ததுதான் நம் கதையோடு நேரே பிணைந்தது. 1802இன் தொடக்கத்தில், சின்ன மருதுவின் மகன் துரைசாமியும், சிவகங்கையின் வேங்கை பெரிய உடையாத் தேவரும், இன்னும் எழுபதுக்குக் குறையாத வீரர்களும் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் நாடுகடத்தப்பட்ட இடம் பினாங்கு.

இந்தக் காட்சியைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒரே கடல். தீவில் சிவகங்கைச் சீமையின் கைதிகள். எதிர்க்கரையில், அவர்களை நாடுகடத்திய ஆட்சியின் தலைவருடைய பெயர் சூட்டப்பட்ட நிலம். மருது சகோதரர்களை முன்பு நண்பராக அறிந்து, சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படைத்தலைவர், 1818இல் பினாங்கில் துரைசாமியைக் கண்டதைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இளமையில் நாடுகடத்தப்பட்டவர் அதற்குள் உருக்குலைந்து முதியவர் போல நின்றாராம். ஒரு பெயர் வரைபடத்தில் ஏறிய அதே காலத்தில் இன்னொரு பெயர் ஏடுகளிலிருந்து மெல்ல மறைந்தது.

அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கரையில் பெரிய கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தனர். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டினர், கரும்பு நட்டனர், ஆலையில் உழைத்தனர். காய்ச்சலில் மாண்டோர் பலர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. 1899இல் பிறையிலிருந்து புக்கிட் மெர்தாஜாமுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. நெடுங்காலம் பிறையே இரயிலின் கடைசி நிலையமாக இருந்தது. அங்கே இறங்கிப் படகேறித்தான் மக்கள் தீவுக்குப் போனார்கள். இரயில் பாதை போட்டவர்களிலும், அதைப் பேணியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர்.

காலைப் பெரட்டில் கிராணியார் கூப்பிட்ட பெயர்களை எண்ணிப் பாருங்கள். முனியாண்டி, காளியம்மா, இராமசாமி என்று ஒற்றைப் பெயர்கள். குலப்பெயரோ பட்டமோ அவர்களோடு கப்பலில் வரவில்லை. தந்தை பெயர்கூடச் சில வேளை பதிவாகாமல் போயிருக்கும். ஆனால் நிலத்தை நிலமாக்கியவர்கள் அவர்கள். மிதிக்காதவர் பெயர் நிலத்தில் நின்றது. உழைத்தவர் பெயர் நிற்கவில்லை. பெயர் வரலாற்றைப் படிக்கும்போது நாம் கற்க வேண்டிய பாடங்களில் இது தலையாயது.

இனி அந்தப் பெயர் வேறு எங்கெல்லாம் அலைந்தது என்று பார்ப்போம். ஆர்தருக்கு 1809இல் பட்டம் வழங்கியபோது, இன்னொரு சகோதரரான வில்லியம் அதற்குரிய பெயரைத் தேடினார். வெல்லெஸ்லிக்கு நெருங்கிய ஒலியுடைய 'வெல்லிங்டன்' என்ற சமர்செட் ஊரைத் தேர்ந்தார். வாட்டர்லூவில் நெப்போலியனை 1815இல் வென்ற வெல்லிங்டன் கோமகன் இவரே. நீலகிரியில் குன்னூருக்கு அருகே ஜக்கதளா என்று படகர் வழங்கிய இடம், படைமுகாம் வந்தபின் வெல்லிங்டன் ஆயிற்று. இன்று அங்கே இந்தியப் படை அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது. கடைசித் தம்பி ஹென்றி 1828இல் பட்டம் பெற்றபோது 'கௌலி பிரபு' என்று பெயர் கொண்டார். அது வேறெதுவுமன்று, நூறாண்டுக்கு முன் சொத்துக்காகக் கைவிட்ட கோலி என்ற பழைய பெயரின் மறுவடிவமே அது!

பெயரின் இன்னொரு கிளையோ நம் வீடுகளுக்குள்ளேயே வந்துவிட்டது. ஜான் வெஸ்லியின் சமயக் கிளையினர் பள்ளிகள் திறந்தனர். சென்னை இராயப்பேட்டையிலும் கொழும்பிலும் வெஸ்லி பெயரால் கல்விக்கூடங்கள் எழுந்தன. பினாங்கில் 1891இல் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி தொடங்கியது. நாளடைவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு வெஸ்லி என்று பெயரிட்டன. அங்கே குடும்பப் பெயராக இருந்தது இங்கே இடுபெயராகி, அதன் முன்னே தந்தையின் முதலெழுத்தும் சேர்ந்துகொண்டது. ஆள்வோர் திணித்த வெல்லெஸ்லி உதிர்ந்தது. மக்கள் விரும்பி ஏற்ற வெஸ்லி நிலைத்தது. இதுவும் கருதத்தக்கது.

நாடு விடுதலை பெற்றபின் புரொவின்ஸ் வெல்லெஸ்லி என்ற பெயர் அரசாங்க வழக்கிலிருந்து விலகியது. செபராங் பிறை என்ற பெயர் தன் உரிய இடத்தைப் பெற்றது. 1985இல் பினாங்குப் பாலம் பிறைக்கரையைத் தீவோடு இணைத்தது. 2019இல் செபராங் பிறை மாநகர்த் தகுதி பெற்றது. ஆற்றின் பெயர், ஆளுநரின் பெயரைக் கடந்து வாழ்கிறது.

முடிவாக ஒன்று கூறுவோம். ஒரு குடும்பம் ஏழு நூற்றாண்டுகளாகத் தன் பெயரைக் காத்துவைத்திருந்ததால்தான் அதன் தேய்வையும், கைமாற்றத்தையும், மீட்சியையும் நாம் இன்று தொடர்ந்து காண முடிகிறது. உயில்களும் கையெழுத்துகளும் உடன்படிக்கைகளும் அதற்குத் துணை நின்றன. நம் முன்னோருக்கு அத்தகைய ஏடுகள் குறைவு. ஆனால் முற்றிலும் இல்லையென்று சொல்வதற்கில்லை. பழைய பிறப்புச் சான்றிதழ்களிலும், தோட்டத்துக் கோயில்களின் உபயக் கல்வெட்டுகளிலும், கல்லறைக் கற்களிலும், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கை ஏடுகளிலும் அவர்கள் பெயர்கள் காத்திருக்கின்றன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவரும் இந்நாளில் அவை விரைந்து அழிந்துவருகின்றன.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களை அருகில் அமர்த்தி, பாட்டனார் பெயர், பாட்டியார் பெயர், அவர்கள் பிறந்த ஊர், கப்பலேறிய துறை, வேலை செய்த தோட்டம் ஆகியவற்றைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். பிறைக்கரையின் வரலாறு வெல்லெஸ்லியோடு தொடங்கவுமில்லை, அவரோடு முடியவுமில்லை. அதன் எஞ்சிய பக்கங்களை எழுதும் பொறுப்பு நம்முடையது.